வண்டி இன்சூரன்ஸ் ஏறினால் யாரைக் கேட்பது?

உங்கள் வண்டியின் பாலிசியை எடுத்து, பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் கட்டத்தை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் பொடி எழுத்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கட்டம் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் 'ஓன் டேமேஜ்', அதாவது உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான தொகை. மறுபக்கம் 'லயபிலிட்டி' அல்லது 'தேர்ட் பார்ட்டி', அதாவது உங்கள் வண்டியால் இன்னொருவருக்கு உயிரோ உடம்போ பொருளோ சேதமானால் அதற்கான தொகை. கீழே இரண்டையும் கூட்டி, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருப்பார்கள்.

'இன்சூரன்ஸ் ஏறிப்போச்சு' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரே தாளில் அச்சடித்திருந்தாலும் இவை இரண்டு தனித்தனிப் பொருட்கள். விலை வைப்பவர் வேறு, க்ளெய்ம் போகும் வழி வேறு, பணம் வராவிட்டால் தட்ட வேண்டிய கதவும் வேறு. இது பிடிபட்டுவிட்டால், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள், நிலைக்குழு அறிக்கை கொடுத்தது, லாரிகள் ஓடவில்லை என்று அவ்வப்போது வரும் செய்திகளும் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

அரசு விலை வைக்கும் பாதி

தேர்ட் பார்ட்டி காப்பீடு இல்லாமல் பொதுச் சாலையில் வண்டி ஓட்டக்கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு. மீறினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் அபராதம் 4,000.

எல்லோரும் வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு விலையைக் கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விட முடியாது இல்லையா? அதனால் இதன் விலையை அரசே வைக்கிறது. 2007 ஜனவரிக்கு முன்னால் ஓன் டேமேஜ் கட்டணமும் இப்படித்தான் கட்டுப்பாட்டில் இருந்தது. அதை அன்றைக்கு அவிழ்த்து விட்டார்கள், தேர்ட் பார்ட்டியை மட்டும் அவிழ்க்கவில்லை. முன்பு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இந்தக் கட்டணத்தை அறிவித்துக்கொண்டிருந்தது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஆணையத்தைக் கலந்துகொண்டு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கிறது. அப்படி வந்த முதல் அட்டவணை 2022 ஜூன் 1 முதல் அமலானது.

அந்த அட்டவணையில் 1000 முதல் 1500 சிசி வரையிலான காருக்கு வருடம் 3,416 ரூபாய். 1500 சிசிக்கு மேல் 7,897. 75 முதல் 150 சிசி வரையிலான பைக்குக்கு 714. 40 டன்னுக்கு மேற்பட்ட எடைப் பிரிவு லாரிக்கு 44,242. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் இந்த வரியில் ஒரே எண்தான் இருக்கும், பேரம் பேச முடியாது.

இப்போது அதற்கு முந்தைய, 2019ஆம் ஆண்டு அட்டவணையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நடுத்தரக் காருக்கு 3,221ஆக இருந்தது 3,416 ஆகியிருக்கிறது. பெரிய காருக்கு 7,890 என்பது 7,897. மூன்று வருடத்தில் ஏழு ரூபாய்! நாட்டில் அதிகம் ஓடும் 150 சிசி வரையிலான பைக்குக்கு 752 என்பது 714 ஆகக் குறைந்தே போயிருக்கிறது. அதனால் உங்கள் கார் பாலிசி சில ஆயிரம் ஏறியிருக்கிறது என்றால், ஏறியது பெரும்பாலும் இந்தப் பாதி இல்லை.

புது வண்டி வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது இரு சக்கர வாகனத்துக்கு ஐந்து வருடம் தேர்ட் பார்ட்டியை மொத்தமாகக் கட்ட வேண்டும். ஷோரூம் பில்லைப் பார்த்ததும் தலை சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். முதல் வருடம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் அவ்வளவு பேர்.

இந்த விலையில் அரசியல் எங்கே வருகிறது?

தேர்ட் பார்ட்டி க்ளெய்ம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தால்தான் இது விளங்கும். 32 வயது, சொந்தத் தொழில், மாதம் 25,000 ரூபாய் வருமானம், வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வைத்துக்கொள்வோம். அடுத்தவர் தவறால் நடந்த விபத்தில் இவர் இறந்துவிடுகிறார். 2009லும் 2017லும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த சூத்திரப்படி ஆண்டு வருமானம் மூன்று லட்சம், எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் 4,20,000. நான்கு பேர் இவரை நம்பி இருப்பதால் சொந்தச் செலவு என்று கால் பங்கைக் கழித்தால் 3,15,000. இந்த வயதுக்கான பெருக்கு எண் 16. ஆக 50,40,000 ரூபாய். இறுதிச் சடங்கு போன்ற தலைப்புகளில் வரும் தொகையும் வட்டியும் இதற்கு மேலே. இது அத்தனையும் ஒரு 714 ரூபாய் பைக் பாலிசியின் மேலேயே விழலாம். உயிரிழப்புக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பும் கிடையாது.

சம்பளம் ஏற ஏற இந்தத் தொகையும் தானாக ஏறும். விபத்துகளும் குறையவில்லை. 2023ல் நாடு முழுவதும் 4,80,583 விபத்துகள், 1,72,890 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருடமும் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான், 67,213. இதையெல்லாம் காட்டி 'இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது' என்கின்றன கம்பெனிகள். அரசோ வாக்குகளைப் பார்க்கிறது. பைக் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டால் காய்கறி விலை ஏறிவிடும்.

நிறுத்தியும் இருக்கிறார்கள். 2017 மார்ச் 30ஆம் தேதி தேர்ட் பார்ட்டி கட்டண உயர்வை எதிர்த்துத் தென்மாநில லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், நாமக்கல் லாரிப் பட்டறைகள் வரை அதே பேச்சாக இருந்தது. ஆணையம் அறிவித்திருந்த உயர்வைக் குறைத்துக்கொண்ட பிறகே முடிந்தது. அடுத்த வருடம் ஜூலை 20 முதல் எட்டு நாள் அகில இந்திய வேலைநிறுத்தம், அதிலும் டீசல் விலை, சுங்கச்சாவடி ஆகியவற்றோடு இந்தக் கட்டணமும் ஒரு கோரிக்கை. கணக்கில் ஆரம்பித்துப் பேச்சுவார்த்தை மேசையில் முடிகிற விலை இது.

இதில் என்னை உறுத்துவது வேறு ஒன்று. விலை வைப்பது அரசு. அந்த விலைக்கு விற்கும் நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா என நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளிலும் பெரும்பங்குக்கு உரிமையாளர் அரசு. ஒவ்வொரு கார், பைக் பாலிசியிலும் 18 சதவீதம் வரி எடுப்பதும் அரசு. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி.யை நீக்கியபோதுகூட, சட்டப்படி கட்டாயமான கார், பைக் காப்பீட்டின் 18ஐத் தொடவில்லை. நான்கில் மூன்று கம்பெனிகள் நஷ்டத்தில் தள்ளாடியபோது 2019-20 தொடங்கி மூன்று நிதியாண்டுகளில் 17,450 கோடி ரூபாய் மூலதனம் போட்டதும் அரசுதான், அதாவது நம் வரிப்பணம். அந்த நஷ்டத்துக்கு மோட்டார் மட்டுமே காரணமில்லை, மருத்துவக் காப்பீடும் சேர்ந்தது. இருந்தாலும் பாலிசியில் மிச்சமானதாக நாம் நினைக்கும் காசில் ஒரு பங்கு வேறு பாக்கெட்டிலிருந்து போயிருக்கிறது.

கம்பெனி விலை வைக்கும் பாதி

ஓன் டேமேஜ் முழுக்கச் சந்தை விலை. வண்டியின் ஐ.டி.வி., அதாவது வண்டி தொலைந்தாலோ முழுதாக நொறுங்கினாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை, அதன் மேல் ஒரு விகிதம் போட்டுக் கணக்கிடுகிறார்கள். ஐ.டி.வி. வருடா வருடம் இறங்கும். ஒரு வருடம் தாண்டினால் ஷோரூம் விலையில் 20 சதவீதம் கழியும், நாலு வருடம் தாண்டினால் 50. வண்டி மதிப்பு இறங்குகிறது, பிரீமியம் மட்டும் ஏன் ஏறுகிறது என்று பலர் கேட்பது நியாயமான கேள்வி.

மதிப்பு இறங்கினாலும் பழுதுபார்க்கும் செலவு இறங்குவதில்லை என்பதுதான் பதில். முன்பு பம்பர் என்பது வெறும் பிளாஸ்டிக். இப்போது அதற்குள் பார்க்கிங் சென்சார், முகப்புக் கண்ணாடியில் கேமரா, விளக்கில் எல்.இ.டி. தொகுப்பு. லேசாக இடித்தாலும் முழு பாகத்தையே மாற்றச் சொல்கிறார்கள். இதோடு ஆட்-ஆன்கள், அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்புகள் சேரும். பம்பர் டு பம்பர் என்று நம் ஊரில் சொல்லும் ஜீரோ டிப்ரிசியேஷன் அதில் முக்கியமானது. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதிதான் கிடைக்கும், மீதி நம் கையிலிருந்து.

இந்த பம்பர் டு பம்பர் ஒரு தடவை நீதிமன்றத்துக்கும் போய் வந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், செப்டம்பர் 1 முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஐந்து வருடம் இது கட்டாயம் என்று உத்தரவிட, ஷோரூம்களில் ஒரே குழப்பம். நடைமுறைச் சிக்கல்களைச் சொன்னதும் அடுத்த மாதமே நீதிமன்றம் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றைக்கும் 'கோர்ட்டே சொல்லியிருக்கு சார்' என்று யாராவது விற்க வந்தால், பாதிக் கதையைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் நோ க்ளெய்ம் போனஸ். க்ளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜில் தள்ளுபடி கூடிக்கொண்டே போகும்: 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். ஒரு தடவை க்ளெய்ம் செய்தால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஓன் டேமேஜ் 10,000 ரூபாய், 50 சதவீதத் தள்ளுபடி போக 5,000 கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். கதவில் கீறல் விழுந்ததற்கு 4,000 ரூபாய் க்ளெய்ம் வாங்கினால், அடுத்த வருடம் முழுசாக 10,000 கட்ட வேண்டும், பழைய தள்ளுபடிக்குத் திரும்ப ஐந்து வருடம் ஆகும். நானும் ஒருமுறை இப்படிக் கண்ணாடிக்குக் க்ளெய்ம் போட்டுவிட்டு, மறு வருடம் பில்லைப் பார்த்துக் கம்பெனியைத் திட்டினேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

ஓன் டேமேஜ் ஏறினால் அமைச்சர் குறைக்க மாட்டார், சட்டப்படி அவருக்கு அதில் வேலை இல்லை. இன்னும் இரண்டு கம்பெனியில் விலை கேட்பதுதான் வழி. ஷோரூமில்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர்களுக்கு இதில் கமிஷன் உண்டு, அதனால்தான் அவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்கள்.

க்ளெய்ம் ஏன் இழுக்கிறது?

இங்கேயும் இரண்டு பாதி, இரண்டு வகைத் தாமதம். முதலில் ஓன் டேமேஜ். சேதம் 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் சேதத்தை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் வந்து பார்க்க வேண்டும். 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை வர வேண்டும், அது வந்த ஏழு நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் போதவில்லை என்ற காரணத்தால் மட்டும் க்ளெய்மைத் தள்ளக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் வண்டி ஏன் ஒர்க்‌ஷாப்பில் வாரக்கணக்கில் நிற்கிறது? பெரும்பாலும் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே நடக்கும் இழுபறிதான். மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் சொல்லும், சரிசெய்தால் போதும் என்று சர்வேயர் சொல்வார். பாகத்தைக் கழற்றியதும் உள்ளே இன்னொரு சேதம் தெரியும், மறுபடி அனுமதி. இதில் 'அப்ரூவல் வரலை சார்' என்ற ஒரே வரி மட்டும் நமக்கு வந்துகொண்டிருக்கும்.

திருட்டு என்றால் இன்னும் நீளம். எஃப்.ஐ.ஆர். மட்டும் போதாது, வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் கொடுக்கும் இறுதி அறிக்கையையும் கம்பெனிகள் கேட்கும், அது கைக்கு வர மாதக்கணக்காகும். இரண்டு சாவியையும் கேட்பார்கள், ஒன்று தொலைந்திருந்தால் வம்புதான். ஒரு ஆறுதல், உடனே போலீஸில் புகார் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்பதற்காக மட்டும் திருட்டு க்ளெய்மை மறுக்க முடியாது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வெள்ளம் வந்தால் வேறு தகராறு. 2015லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. வெள்ளம் பாலிசியில் அடங்கும். ஆனால் தண்ணீரில் நிற்கும் வண்டியை நாமே ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அது வெள்ளச் சேதம் இல்லை, பின்விளைவு என்பார்கள். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாவிட்டால் அந்தச் செலவு நம்முடையது.

தேர்ட் பார்ட்டி தாமதம் இதைவிட எவ்வளவோ கொடியது, ஏனென்றால் காத்திருப்பவர் வண்டிக்காரர் இல்லை, குடும்பத்தலைவரை இழந்தவர்கள் அல்லது கை கால் போனவர்கள். அவர்களுக்குக் கம்பெனியோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும், தீர்ப்பு வந்தால் கம்பெனி மேல்முறையீடு போகலாம், இப்படியே வருடங்கள் ஓடும். லோக் அதாலத்தில் சமரசமாகிப் பணம் சீக்கிரம் கிடைக்கும் வழக்குகள் உண்டு, தொகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. 2022 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல விதி அமலில் இருக்கிறது. போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் கொடுக்க வேண்டும், அதை வைத்துத் தீர்ப்பாயமே விசாரணையை ஆரம்பிக்கலாம். அதே நாளில் இன்னொரு விதியும் வந்தது. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது அது. துக்க வீட்டுக்கு ஆறு மாதக் கெடு! அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அதற்காக யாரும் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி கேட்பவர்கள் என்ன கேட்கிறார்கள்?

எம்.பி.க்கள் கேள்வி நேரத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்கலாம், நிதி அமைச்சகமோ போக்குவரத்து அமைச்சகமோ பதில் சொல்லும். கட்டணத்தை மாற்றும் முன் வரைவு அறிவிக்கை போட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். 2022 கட்டணத்துக்கும் மார்ச்சில் வரைவு வந்து, மே மாதக் கடைசியில்தான் இறுதி ஆனது. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், எழுதுபவர்களில் லாரிச் சங்கங்களைத் தாண்டிச் சாதாரண ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு விஷயம். அப்புறம் எம்.பி.க்கள் அடங்கிய நிதித் துறை நிலைக்குழு. 2024 பிப்ரவரியில் ஜெயந்த் சின்ஹா தலைமையிலான குழு கொடுத்த அறிக்கை, நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் காப்பீடே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இ-சலான் மூலம் அவற்றைப் பிடிக்கச் சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை இரு சக்கர வாகனங்கள். காப்பீடு இல்லாத வண்டி இடித்தால் தீர்ப்பாயம் 50 லட்சம் என்று எழுதிக் கொடுத்தாலும், அதை வண்டிக்காரரிடம்தான் வசூலிக்க வேண்டும். அவரிடம் இருக்காது. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது, ஆனால் ஏற்றதா இல்லையா என்று அரசு பதில் சொல்ல வேண்டும்.

என் குறை இதுதான். விலைக்கு லாரி நிற்கிறது, சங்கம் பேசுகிறது, அமைச்சர் இறங்கி வருகிறார். தாமதத்துக்கு அப்படி யாரும் நிற்பதில்லை. விலை ஒரே நாளில் எல்லோர் பில்லிலும் ஏறுவதால் கூட்டம் சேர்கிறது. தாமதமோ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, தனித்தனி வருடத்தில் நடக்கிறது. கணவனை இழந்த பெண்கள் சங்கம் வைத்துச் சாலையை மறிக்கப் போவதில்லை. கட்டணத்தை உயர்த்தக் கேட்கும் கம்பெனியிடம், 'போன வருடத் தீர்ப்புகளில் எத்தனைக்கு எத்தனை மாதத்தில் பணம் கட்டினாய்?' என்று அதே அறிவிக்கையிலேயே கேட்கலாம். கட்டணத்தை வைப்பது அரசுதானே, அந்தப் பிடி அதன் கையில் இருக்கிறது.

உங்கள் சொந்த ஓன் டேமேஜ் க்ளெய்ம் இழுத்தால் வரிசை இப்படி. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம், அதாவது இந்தத் தகராறுகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவரிடம் போகலாம், தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான தகராறுகளை எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். அவர் கொடுக்கும் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை, நுகர்வோர் நீதிமன்றம் திறந்தே இருக்கிறது.